அப்பத்தா வீட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டு

கானாடுகாத்தானில் எங்கள் அப்பத்தா வீட்டு முகப்புக் கதவு பர்மா தேக்கு. பெரிய சாவி தேய்ந்துபோனதால் பூட்டை மாற்றினேன். முதலில் கதவின் கனத்தையும், ஓரத்திலிருந்து சாவித்துளை வரையுள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அளக்காமல் போய்க் காரைக்குடிக்கு இரண்டு நடை அலைந்தேன். சித்திர வேலைப்பாட்டில் உளி வைக்கவே கூடாது. உள்பக்கம் மரத்தைக் குடையாமல் மேற்பரப்பில் பொருத்தும் பூட்டு போதும். இரட்டைக் கதவென்றால் மற்ற கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் வேண்டும்.

தேக்கு கெட்டி. திருகாணியைவிடச் சின்னதாகத் துளை போட்டு, சோப்பு தடவி முடுக்குங்கள். பித்தளைத் திருகாணி சட்டென்று முறியும், அதனால் அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றி எடுத்துவிட்டு அப்புறம் போடுங்கள். கதவைத் திறந்து வைத்தே நாலு தடவை பூட்டிப் பாருங்கள்.

கைப்பிடியை மட்டும் நான் மாற்றவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன், பளபளவென்று இருக்கிறது.