டேஷ்கேம் வாங்கி மாட்டுவது எப்படி: வெயிலும் வேகத்தடையும் நிறைந்த ஊர்க்காரர்களுக்கு

போன ஐப்பசியில் பெருந்துறை சர்வீஸ் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியிருந்தேன். தேங்காய் ஏற்றிய பிக்கப் ஒன்று ரிவர்ஸில் வந்து முன்பம்பரில் இடித்தது. "நீங்கதானுங்க வந்து ஏத்துனீங்க" என்று ஓட்டுநர் ஒரே சாதிப்பு. நான் பதறவே இல்லை, முன்கண்ணாடியில் ஒட்டிச் சாலையைப் பதிவு செய்துகொண்டே வரும் டேஷ்கேம் என் வண்டியில் இருந்தது. "கேமரா இருக்குதுங்க, பாத்துக்கலாம்" என்று கெத்தாகச் சொல்லி அதன் மெமரி கார்டைக் கழற்றிப் பார்த்தேன். கடைசியாகப் பதிவாகியிருந்தது ஆடி 18 அன்று பவானி கூடுதுறை பக்கம் பார்க்கிங் தேடி நான் ஊர்ந்துகொண்டிருந்த காட்சி. அதற்கப்புறம் ஏறக்குறைய மூன்று மாதம் ஒன்றுமே இல்லை. டிங்கரிங், பெயின்ட் எல்லாம் என் கைக்காசு.

கேமரா நன்றாகத்தான் இருந்தது, தப்பு என்னுடையது. என்ன தப்பு என்பது செட்டிங் பகுதியில் வரும். முதல்முறை வாங்குபவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் நல்லது.

1. எதை வாங்குவது

கடையில் 4கே, 2கே என்று படத்தின் தெளிவைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நீங்கள் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "உள்ள பேட்டரியா, கெப்பாசிட்டரா?"

சித்திரை வெயிலில் ஈரோட்டில் இரண்டு மணி நேரம் பூட்டி நிறுத்திய காரில் ஏறிப் பார்த்திருப்பீர்கள். ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. கண்ணாடியை ஒட்டித் தொங்கும் கேமராவின் கதி அதைவிட மோசம், 60 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். லித்தியம் பேட்டரி வைத்த கேமரா இந்தச் சூட்டில் நாளடைவில் உப்பிவிடும். என் முதல் கேமராவின் பின்மூடி இரண்டாம் கோடையில் தானாகவே பிளந்து நின்றது. கெப்பாசிட்டர் என்பது பேட்டரிக்குப் பதிலாகக் கரண்டைக் கொஞ்ச நேரம் மட்டும் பிடித்து வைக்கும் பாகம், அது வைத்த கேமரா இந்த வெயிலைத் தாங்கும். சாவியை அணைத்த பிறகு கடைசிக் கோப்பைச் சேமித்து முடிக்கச் சில நொடி மட்டுமே அதில் உயிர் இருக்கும். அவ்வளவு போதும்.

அப்புறம் தெளிவு. 1080பி-க்குக் கீழே வாங்கவே வேண்டாம். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 1440பி, அதாவது 2கே. முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டை இன்னும் சில அடி தள்ளியிருந்தும் படிக்கலாம். 4கே நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கார்டை விழுங்கும், கேமராவும் கூடுதலாகச் சூடாகும். பார்வைக் கோணம் 130 முதல் 150 டிகிரி வரை சரி. "170 டிகிரிங்க, எல்லாமே தெரியும்" என்பார்கள். தெரியும்தான், ஆனால் நடுவில் இருக்கும் நம்பர் பிளேட் எள்ளுப்போல் சிறுத்துவிடும்.

இரவில் ஓட்டுபவர்கள் சென்சார், அதாவது உள்ளே படம் பிடிக்கும் சிப், என்ன என்று பாருங்கள். சோனி ஸ்டார்விஸ் வகை சென்சார்கள் குறைந்த வெளிச்சத்தில் நன்றாக எடுக்கும். டபிள்யூடிஆர் வசதியும் இருக்கட்டும், எதிர் வண்டியின் ஹெட்லைட்டில் படம் முழுக்க வெளுத்துப் போகாமல் ஓரளவு காப்பாற்றும். 70மாய், கியூபோ, டிடிபாய் என்று பல பெயர்கள் காதில் விழும். பெயரைவிட மேலே சொன்னவற்றைப் பெட்டியில் தேடிப் படியுங்கள்.

பின்பக்கக் கேமரா வேண்டுமா? ஊருக்குள், தோட்டத்துக்கு, சந்தைக்கு என்று ஓட்டினால் முன்பக்கம் மட்டும் போதும். கோவை, சேலம் என்று 544 தேசிய நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்கள் வாங்கிவிடுங்கள். செங்கப்பள்ளி தாண்டி பிரேக் அடித்தால் பின்னால் வரும் பஸ் எவ்வளவு ஒட்டி வருகிறது என்பது கண்ணாடியிலேயே தெரியும்.

லாரி, ரிக் வண்டி வைத்திருக்கும் திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வண்டியில் 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் சார்ஜரைச் செருகினால் புகைந்துவிடும். 12-24 என்று போட்ட அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

2. கார்டு: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

கோபியில் இருக்கும் எங்கள் மாமா கேமராவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, கார்டை மட்டும் செல்போன் கடையில் இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்கினார். "ஏனுங் மாப்ள, கார்டுல என்னங்க இருக்குது, எல்லாம் ஒண்ணுதானுங்" என்றார். நான்கு மாதத்தில் கார்டு செத்தது.

செல்போனில் கார்டுக்கு அவ்வளவு வேலை இல்லை. எப்போதாவது நாலு போட்டோ. டேஷ்கேமில் வண்டி ஓடும் நேரமெல்லாம் எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டே இருக்கும். ஸ்லேட்டில் எழுதி எழுதி அழித்தால் தேய்வது மாதிரி. அதனால் "ஹை எண்டூரன்ஸ்" என்று அட்டையிலேயே அச்சிட்ட மைக்ரோ எஸ்டி கார்டைக் கேட்டு வாங்குங்கள். கூடவே, வேகமாக எழுதும் கார்டு என்பதைக் காட்டும் யு3 என்ற குறி இருக்கட்டும்.

எத்தனை ஜிபி? 1080பி-யில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 எம்பி, அதாவது மணிக்கு 6 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டில் 9, 10 மணி நேரம் தங்கும். ஈரோட்டிலிருந்து கோவைக்கு இரண்டு தடவை போய்வந்தால் பழையதன்மேல் புதியது ஏறிவிடும். முன், பின் இரண்டு கேமரா என்றால் 128 ஜிபி போடுங்கள். கேமரா எவ்வளவு பெரிய கார்டு வரை ஏற்கும் என்பது பெட்டியில் இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம்.

போலிக் கார்டுகளும் நடமாடுகின்றன. மேலே 128 என்று போட்டிருக்கும், உள்ளே கால்வாசிகூட இருக்காது. கார்டு முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் கிடைக்கும். வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். பிறகு கேமராவில் செருகி, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

3. எங்கே ஒட்டுவது

நம் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம். எனவே நடுக்கண்ணாடிக்குப் பின்னால், அதற்குச் சற்று இடப்பக்கமாக ஒட்டினால் ஓட்டுபவர் கண்ணை மறைக்காது. ஒட்டும் இடம் வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் மழையில் கேமராவுக்குத் தண்ணீர்த் துளி மட்டும்தான் தெரியும். ஃபாஸ்டேக்கும் அதே பக்கம்தான் ஒட்டியிருக்கும். அதன்மேல் ஏறாமல் தள்ளி ஒட்டுங்கள். கண்ணாடி உச்சியில் இருக்கும் கருப்புப் புள்ளிகளின் மேல் டேப் சரியாகப் பிடிக்காது, வெயிலில் கழன்று விழும்.

ஒட்டும் முன் கண்ணாடியை நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். கேமராவை முதலில் கையில் பிடித்து, திரையில் படம் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். பாதி சாலை, பாதி வானம், அடியில் பானட்டின் விளிம்பு கொஞ்சம். வானம் அதிகமானால் படம் இருட்டடிக்கும். ஒட்டிய பிறகு அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

டேஷ்போர்டின் மேல் வெள்ளைத் துண்டு, பிள்ளையார், எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்திருந்தால் அத்தனையும் கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்தில் வரும். பிள்ளையாரை எடுக்கச் சொல்ல மாட்டேன், துண்டை எடுத்துவிடுங்கள்.

4. ஒயர்

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுவதுதான் எளிது. ஒயரை நடுவில் தொங்கவிடாமல் கூரைத் துணியின் விளிம்புக்குள் விரலால் தள்ளி, இடப்பக்கத் தூண் வழியாக இறக்கி, கதவு ரப்பருக்குள் செருகி, கிளவ் பாக்ஸுக்கு அடியில் கொண்டுவந்து சாக்கெட்டில் சேருங்கள். அரை மணி நேர வேலை. தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் ஒயர் அதன் முன்னால் குறுக்கே போகக் கூடாது. அது விரியும்போது ஒயரும் சேர்ந்து பறக்கும். அந்த இடத்தை மட்டும் கார் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மலிவு சார்ஜர் போட்டால் எஃப்எம்மில் கரகரப்பு வரும். கேமராவோடு வந்த சார்ஜரையே வையுங்கள்.

நிறுத்திய வண்டியையும் கேமரா காவல் காக்க வேண்டுமென்றால் ஹார்டுவயர் கிட் வாங்கி ஃபியூஸ் பாக்ஸிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும். ஒயரை வெட்டி ஒட்டும் ஆளிடம் போகாதீர்கள், வாரண்டிக்குச் சிக்கல். ஃபியூஸ் டேப் (ஒட்டும் டேப் அல்ல, ஃபியூஸ் இடத்தில் செருகிக் கரண்ட் எடுக்கும் இணைப்பு) போட்டுச் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்கியதும் தானாக அணையும் கிட்டாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்யாண வீட்டுக்கு இரண்டு நாள் போய்விட்டு வந்து வண்டியைத் தள்ள வேண்டியிருக்கும்.

5. செட்டிங், என் தப்பு

முதலில் தேதி, நேரம். நேர மண்டலம் கேட்டால் +5.30. தேதி தப்பாக இருக்கும் காட்சியை எதிராளி முதலிலேயே தள்ளிவிடுவார். பதிவின் நீளம் ஒரு நிமிடம் அல்லது மூன்று நிமிடம். டபிள்யூடிஆர் ஆன்.

இப்போது ஜி-சென்சார். வண்டி குலுங்கினால் "ஏதோ மோதிவிட்டது" என்று நினைத்து, அந்தப் பதிவை அழிக்க முடியாதபடி பூட்டி வைப்பது இதன் வேலை. நான் "ஹை"யில் வைத்திருந்தேன், அதிகம் வைத்தால் பாதுகாப்பு அதிகம் என்ற நினைப்பு. எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் ஏழு வேகத்தடை, அதில் இரண்டு யாருமே அனுமதி வாங்காமல் போட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு பூட்டப்பட்டது. போகும்போது ஏழு, வரும்போது ஏழு. ஆடி 18 அன்று கார்டு முழுக்கப் பூட்டிய கோப்புகளாகி, புதிதாக எழுத இடமில்லாமல் போய்விட்டது. கேமரா விடாமல் பீப் அடித்துச் சொல்லியிருக்கிறது. தொந்தரவாக இருக்கிறதென்று அந்தச் சத்தத்தை அணைத்ததும் நான்தான்.

ஆகவே "லோ"வில் வையுங்கள். பீப் சத்தத்தை அணைக்காதீர்கள்.

மைக் விஷயத்தில் பலரும் அணைக்கச் சொல்வார்கள். நான் ஆன் செய்தே வைத்திருக்கிறேன். இரவில் ஓடும் வண்டியின் நம்பர் எந்தக் கேமராவிலும் பெரும்பாலும் படிக்க வராது. கண்ணில் பட்ட நம்பரை உடனே சத்தமாகச் சொல்லிவிட்டால், "டிஎன் 33..." என்று நம் குரலிலேயே பதிவாகிவிடும். ஆனால் காட்சியை யாருக்காவது அனுப்பும் முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மச்சினனோடு வரப்புத் தகராறு பேசியதெல்லாம் அதில் இருக்கும். வாடகைக்கு ஆள் ஏற்றுபவர்கள் மைக்கை அணைப்பதே மரியாதை.

வேகத்தைப் படத்தில் காட்டும் ஜிபிஎஸ் வசதி உங்கள் விருப்பம். 100-ல் போனால் அதுவும் 100 என்றே சாட்சி சொல்லும்.

6. ஓட்டிப் பாருங்கள்

பகலில் ஒரு கால் மணி நேரம், இரவில் ஒரு கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிய திரையில் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். முன்னால் போன எக்ஸெல் வண்டியின் நம்பர் எவ்வளவு தூரம் வரை படிக்க வருகிறது என்று கவனியுங்கள். என் சோதனைப் பதிவில் சிக்கியது ஒரு மயில். குறுக்கே பறந்து கண்ணாடிக்கு ஓரடி முன்னால் தப்பியது. அன்று மயிலின் கழுத்து தெரிந்த தெளிவில்தான் கேமரா மேல் எனக்கு நம்பிக்கையே வந்தது.

7. ஏதாவது நடந்துவிட்டால்

அடிபட்டவர்களைக் கவனிப்பது முதல் வேலை, 108-ஐ அழையுங்கள். நிதானம் வந்ததும் கேமராவில் பூட்டும் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். பிறகு கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றிப் பையில் போடுங்கள். ஓடவிட்டால் மேலே மேலே எழுதிவிடும். வேறு கார்டு இருந்தால் செருகிக்கொண்டு கிளம்பலாம்.

கூட்டத்தில் கார்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள். போலீஸ், இன்சூரன்ஸ் கேட்டால் நகல் கொடுக்கலாம். அசல் கார்டே வேண்டும் என்று போலீஸ் கேட்டால் எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று வக்கீல்கள் சொன்னது இதைத்தான். கோப்பை வெட்டாமல், ஒட்டாமல், அசல் கார்டிலேயே விட்டு வைத்திருந்தால் வக்கீலுக்கு வேலை சுலபம்.

8. மாதம் ஒருமுறை

வண்டி கழுவும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய காட்சிகளை எடுத்துவைத்துவிட்டுக் கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். லென்ஸையும் அதன் முன்னால் இருக்கும் கண்ணாடியையும் துடையுங்கள். கடைசியாகப் பதிவான கோப்பைத் திறந்து அது இன்றைய தேதிதானா என்று பாருங்கள். எனக்கு இப்போது இரண்டு நிமிடம் ஆகிறது. மாமாவுக்குப் பத்து நிமிடம் ஆகிறது, பழைய காட்சிகளையெல்லாம் உட்கார்ந்து முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் அழிக்கிறார்.