கசப்புப் புகை தீர்ந்த விதம்

டெக்சாஸில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இருக்கும் விறகுப் புகையடுப்பில் வேகவைத்த மாட்டு நெஞ்சுக்கறி தொடர்ந்து கசந்ததால், ‘காய்ந்தது’ என்று சொல்லி விற்கப்பட்ட ஓக் விறகைப் பிளந்து, அந்தப் புதிய முகத்தில் ஈரமானியை அழுத்திப் பார்த்தேன். 30 சதவீதத்துக்கு மேல் காட்டியது. அதை மழை படாமல், காற்றோடும்படி அடுக்கி உலரவிட்டு, 20 சதவீதத்துக்கும் குறைவான ஈரமுள்ள போஸ்ட் ஓக் (ஓக் மரத்தில் ஒரு வகை) விறகை மணிக்கட்டுப் பருமனில் பிளந்து எரித்தபோது, கசப்பு தரும் வெண்புகை அடங்கி மெல்லிய நீலப்புகை வந்தது. புகைபோக்கியை முழுவதும் திறந்தே வைத்து, வெப்பத்தை நெருப்பின் அளவாலேயே கட்டுப்படுத்துகிறேன். காற்றை அடைத்தால் கசப்புதான் கூடும். மூடியின் உட்புறத்தில் தார்போல் மினுமினுத்த படிவை முழுவதும் சுரண்டியெடுத்தேன். சாம்பலை, ஈரம் பட்டால் இரும்பை அரித்துவிடும் என்பதால், ஆறியதும் அள்ளிவிடுகிறேன். மெஸ்கீட் விறகு பலருக்குப் பிடிக்கும். நீண்டநேர வேக்காட்டுக்கு அதன் முரட்டுப் புகை எனக்கு ஒத்துவரவில்லை.