கல்லூரி ஆட்ட வர்ணனை: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

2013 நவம்பர் 30. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், ஜோர்டன்-ஹேர் மைதானம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஆபர்ன், அலபாமா பல்கலைக்கழக அணிகள் 28-28 என்று சமமாக நிற்கின்றன. மிச்சம் ஒரே விநாடி. அலபாமா 57 கெஜத்திலிருந்து உதைத்த பந்து இலக்கை எட்டவில்லை. அதைப் பிடித்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் மைதானத்தின் மறுகோடி வரை ஓடி ஆட்டத்தையே வென்றுவிட்டார்.

சிபிஎஸ் தொலைக்காட்சியில் வர்ணித்தவர் வெர்ன் லண்ட்க்விஸ்ட். டேவிஸ் ஓட ஓட அவருடைய பெயரையும், சக வீரர்கள் எதிரணியைத் தடுத்து அவருக்கு வழி செய்ததையும் மட்டுமே சொல்லிக்கொண்டு வந்தார். விதிமீறலைக் காட்டும் நடுவரின் மஞ்சள் கொடி விழவில்லை என்று பார்த்துச் சொன்ன பிறகே 'டச்டவுன்' என்றார், அதாவது பந்து எதிரணியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி கிடைத்துவிட்டது. இன்னும் ஒரு சிறு வாக்கியம், அவ்வளவுதான். அதன்பின் வெகுநேரம் கூட்டத்தின் இரைச்சல் மட்டுமே கேட்டது.

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் அந்த மௌனத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். பெரும்பாலானோர் மாணவர் வானொலியில் தொடங்குகிறார்கள். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டபிள்யூஏஇஆர் வானொலியிலிருந்து பாப் காஸ்டஸ், மைக் டிரிகோ போன்ற புகழ்பெற்ற வர்ணனையாளர்கள் வந்தார்கள். வானொலியில் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும், நேயருக்குக் கண் நாம்தான். அதே பழக்கத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தால், திரையில் தெரிவதையே திரும்பச் சொல்லிப் பார்வையாளரைச் சோர்வடைய வைப்போம். பந்து யாரிடம், எத்தனை கெஜம், எத்தனையாவது முயற்சி என்று சொன்னால் போதும். ஏன் அப்படி நடந்தது என்பதைப் பக்கத்தில் இருக்கும் ஆய்வாளர் சொல்லட்டும்.

மஞ்சள் கொடியைப் பார்க்காமல் டச்டவுன் என்று கத்திவிடுவது இன்னொரு சறுக்கல். கத்திய பிறகு திரும்பப் பெறுவது கடினம்.

வீரரின் சட்டை எண்ணை மட்டும் நம்புவதும் ஆபத்து. கல்லூரி அணியில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். ஒரே நேரத்தில் களத்தில் இல்லாதவரை, ஒரே அணியில் இரண்டு பேர் ஒரே எண்ணை அணிய விதி இடம் தருகிறது. அந்த அணியின் தாக்குதல் பிரிவில் ஆடும் 5-ஐயும் தற்காப்புப் பிரிவில் ஆடும் 5-ஐயும் குழப்பிக்கொண்டால் அவமானம்தான். அதனால்தான் ஒவ்வொரு வாரமும் இரு அணிகளின் வீரர் அட்டையையும், அதாவது பெயர், எண், குறிப்புகள் அடங்கிய தாளை, புதிதாகத் தயாரிக்கிறார்கள். கையால் எழுதினால் நன்றாக மனதில் நிற்கும் என்பது என் எண்ணம். ஆனால் எழுதியதையெல்லாம் ஒப்பிக்கக் கூடாது. நூறு குறிப்பில் பத்து பயன்பட்டால் நல்ல ஆட்டம்.

பெயர் உச்சரிப்பில் சமரசமே வேண்டாம். சமோவா, டோங்கா, நைஜீரியா வேர்கள் கொண்ட வீரர்கள் ஏராளம். கல்லூரியின் விளையாட்டுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள், முடிந்தால் வீரரிடமே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதில்லை. வீட்டில் தாய் காத்திருந்து மகனின் பெயரைக் கேட்பது அந்த ஒரு தடவையாக இருக்கலாம்.

கல்லூரி ஆட்டங்களை வர்ணித்த கீத் ஜாக்சனை 'வோ, நெல்லி' என்ற வியப்புச் சொல்லுக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். 2006 ஜனவரியில் நடந்த ரோஸ் பவுல் என்ற கல்லூரி ஆட்டம் வரை பல பத்தாண்டுகள் உழைத்துச் சேர்த்த நம்பிக்கை அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தது. முதல் ஆண்டிலேயே தனக்கென ஒரு முழக்கம் தேடுபவரிடம் அந்த நம்பிக்கை இன்னும் சேர்ந்திருக்காது.

வேலை தேடும்போது கால்பந்தை மட்டும் கேட்காதீர்கள். வாலிபால், சாஃப்ட்பால், மல்யுத்தம் எல்லாவற்றுக்கும் இன்று நேரலை இருக்கிறது, ஆனால் அவற்றுக்கு முன்வருபவர்கள் குறைவு. மாதிரிப் பதிவில் கத்தல்களை மட்டும் ஒட்டி அனுப்பாதீர்கள். ஒரு பக்கம் வெகுவாக முந்திவிட்ட ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியிலிருந்து, வெட்டாமல் ஐந்து நிமிடம் சேர்த்து அனுப்புங்கள்.