அறுகம்பேயில் யூதர் ஒருவரின் துக்க வீடு: ஏழு நாளும் துணை நிற்க

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பேயில் அலைச்சறுக்குக் காலம் ஏப்ரலில் தொடங்கி ஒக்ரோபர் வரை போகும். அந்த நாட்களில் விடுதியில் தங்கியிருக்கும் யூதப் பயணி ஒருவருக்கு ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால், முதலில் விமானம் பிடிக்கத்தான் பார்ப்பார். ஆனால் யூதர்கள் கூடியவரை அன்றோ மறுநாளோ அடக்கம் செய்துவிடுவார்கள். பக்கத்து ஊரான பொத்துவிலிலிருந்து புறப்படுகிறவருக்குப் பெரும்பாலும் அது எட்டாது. அப்போது ‘ஷிவா’ என்னும் ஏழு நாள் துக்கத்தை அவர் இருக்கிற இடத்திலேயே தொடங்க நேரலாம். தாய், தகப்பன், கணவன் அல்லது மனைவி, பிள்ளை, உடன்பிறந்தோர் ஆகியோருக்கே இது கடமை. அடக்கம் நடந்து 30 நாளுக்குள் செய்தி கிடைத்தால், கேட்ட நாளிலிருந்து ஏழு நாள். அதற்குப் பிந்தினால் ஒரு மணி நேரம் தாழ உட்கார்ந்தால் போதும்.

செத்தவீட்டுக்குத் துணை நிற்க நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் நமக்குப் பழகிய ஆறுதல் முறைகள் சில இங்கே பொருந்தாது. அவற்றைத் தெரிந்துகொண்டு போவதுதான் முக்கியம்.

முதலில் இடம். முன்மண்டபமோ பெரிய அறையோ ஒன்றை ஒதுக்குங்கள்; பத்துப் பேர் நின்று தொழவேண்டும். இறந்தவருக்காகச் சொல்லும் ‘கதிஷ்’ மன்றாட்டைத் தனியே சொல்ல முடியாது, பத்து யூதர் கூடினால்தான் சொல்லலாம். பழைமை வழுவாத பிரிவினர் 13 வயது நிறைந்த ஆண்களை மட்டும் எண்ணுவர், மற்றப் பிரிவுகளில் பெண்களும் சேர்வர். அந்த மன்றாட்டில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முழுக்கக் கடவுளின் பெயரைப் புகழ்வதுதான். துக்கக்காரர் சொல்லச்சொல்ல மற்றவர்கள் ‘ஆமென்’ என்று எதிர்ச்சொல் கொடுப்பார்கள். அக்கம்பக்கத்து விடுதிகளில் யூதப் பயணிகள் இருந்தால் செய்தி சொல்லி அனுப்புங்கள். நீங்கள் செய்யக்கூடிய உதவிகளில் இதுவே பெரியது. தொழுகை காலை, பிற்பகல், இரவு என்று மூன்று வேளை. எருசலேமை நோக்கித் தொழுவார்கள்; அது இங்கிருந்து வடமேற்கே இருக்கிறது, பள்ளிவாசலின் தொழுகைத் திசையான கிப்லாவுக்குச் சற்று வடக்காக.

துக்கக்காரருக்கு ஒரு அடிக்கும் குறைந்த உயரமுள்ள மணைப்பலகை ஒன்று வேண்டும். வருகிறவர்கள் கதிரையில் இருக்கலாம். கண்ணாடிகளைத் துணியால் மூடிவிடுங்கள். தோல் செருப்பு கூடாது, றப்பர் செருப்பு பரவாயில்லை. ஏழு நாளும் எரிய ஒரு விளக்கு வேண்டும். உரிய மெழுகுதிரி கிடைக்காவிட்டால் எண்ணெய் விளக்கும் சரி. கடற்காற்றில் அணையாதபடி லாந்தர்ச் சிம்னி போடுங்கள். வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளில் அவர்கள் நெருப்பைத் தொடமாட்டார்கள், எண்ணெயும் விடமாட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை பொழுதுபடுமுன்பே 25 மணி நேரத்துக்குப் போதுமானதை ஊற்றிவிட வேண்டும்.

துக்கக்காரரின் சட்டை நெஞ்சுப் பக்கம் கிழிந்திருக்கும். அது வேண்டுமென்றே கிழித்தது, பெற்றோருக்கென்றால் இடப்பக்கம். சலவைக்கு எடுத்தவர் நல்ல மனதோடு அதைத் தைத்துக் கொடுத்துவிடக் கூடாது.

அடக்கத்துக்குப் பிறகு உண்ணும் முதல் சாப்பாட்டைத் துக்கக்காரர் தன் உணவிலிருந்து எடுக்கக் கூடாது, அயலார் கொடுக்கவேண்டும். அவித்த முட்டை, பருப்பு, பாண் என்பன வழக்கம். உருண்டையானது வாழ்க்கை சுழல்வதைக் குறிக்கும் என்பார்கள். பருப்புக்கு வாய்ப்பிளவு இல்லை, துக்கக்காரருக்கும் பேச வாயில்லை என்றும் சொல்வார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. உணவு விதியைக் கடுமையாகப் பார்க்கிறவர் நம் அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடமாட்டார். அதனால் கறி சமைத்துக் கொண்டுபோக வேண்டாம். புதுச் சட்டி ஒன்று, ஒரு டசின் பச்சை முட்டை, அரைக்கிலோ மைசூர்ப் பருப்பு, வெட்டாத பழங்கள் ஆகியவற்றைக் கொடுங்கள். அவர்களில் ஒருவர் சமைப்பார்.

பார்க்கப் போகிறவர்கள் தட்டாமல் உள்ளே வரும்படி கதவைப் பூட்டாமல் விடவேண்டும். வணக்கமோ ஸலாமோ சொல்ல வேண்டாம். துக்கக்காரர் வாய் திறக்கும்வரை சும்மா இருங்கள். வேதாகமத்தில் வரும் யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் இருந்த வழிதான் இது. ‘அழாதேங்கோ, எல்லாம் விதி’ என்று தொடங்கினால் ஆறுதல் கெட்டுவிடும். அவர் இறந்தவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேசவிடுங்கள், பெயரைக் கேளுங்கள். அரை மணி போதும். புறப்படும்போது யூதர்கள் சொல்லும் வாசகத்தின் பொருள்: சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கிக்கும் மற்றவர்களோடு உங்களையும் கடவுள் தேற்றுவாராக. ஒருவரின் இழப்பை எல்லாருடைய துக்கத்தோடும் சேர்த்துவிடுகிற வாசகம் அது. நீங்கள் ‘உங்களோடு இருக்கிறோம்’ என்றால் போதும்.

நாள் எண்ணுவதில் நம்மவர்கள் தவறுவதுண்டு. அடக்க நாளே முதல் நாள்; செய்தி பிந்திக் கிடைத்தவருக்குக் கேட்ட நாள். ஓய்வுநாளில் வெளிப்படையான துக்கம் நின்றாலும் அந்த நாளும் கணக்கில் சேரும். யூதப் பெருநாள் ஒன்று குறுக்கிட்டால் மீதி நாட்கள் விடுபட்டுப் போகும். ஏழாம் நாள் முழுதும் இருக்கத் தேவையில்லை, காலையில் சிறிது நேரம் இருந்தால் ஒரு நாளாகிவிடும். செவ்வாயில் தொடங்கினால் திங்கள் காலை எழும்பலாம்.

அந்த எழும்புதலைத்தான் கவனமாகச் செய்யவேண்டும். கூடியிருப்பவர்கள் வேதாகமத்தின் ஏசாயா 60:20ஐச் சொல்வார்கள்: சூரியன் இனி அஸ்தமிக்காது, துக்க நாட்கள் முடிந்துபோகும் என்ற வசனம். துக்கக்காரர் மணையிலிருந்து எழுந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு தெருவை ஒருமுறை சுற்றி வருவது வழக்கம். ஏழு நாள் அறைக்குள் இருந்தவருக்கு வெயிலும் கடலிரைச்சலும் முகத்தில் அறையும். மெதுவாக நடங்கள், கடைத்தெருச் சனத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அன்றிரவே பாட்டு விருந்துக்கு அழைப்பதும் தவறு. 30 நாள்வரை முடிவெட்டு, சவரம், இசைக் கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. பெற்றோருக்கு மட்டும் துக்கம் 12 மாதம், கதிஷ் 11 மாதம்.

ஆண்டு நினைவு நாளை எபிரேய நாட்காட்டிப்படி பார்ப்பார்கள். நம் திவசம் திதிப்படி நகர்வதுபோல அதுவும் ஆங்கிலத் தேதியில் முன்பின்னாக விழும். அடுத்த வருடமும் அவர் உங்களிடம் தங்க வந்தால் எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விளக்கை முதல் நாள் பொழுதுபடும்போது ஏற்றவேண்டும்.