ஹாபெ ஏன் முன்னால் வந்து நிற்கிறது?

ஜெர்மன் பயிற்சியில் ‘நேற்று வேலை செய்ய வேண்டியிருந்ததால்’ என்று எழுதும்போதெல்லாம் திருத்தும் மென்பொருள் சிவப்புக் கோடு போட்டது. முதலில் எழுதியது ‘ஆர்பைட்டென் கெமுஸ்ட் ஹாபெ’. ஆர்பைட்டென் ‘வேலை செய்ய’, கெமுஸ்ட் ‘வேண்டும்’ எனும் ம்யூசெனின் இறந்தகால எச்சம், ஹாபெ அதோடு சேரும் துணைவினை. அகராதியில் கெமுஸ்ட் இருக்கிறது, ஆனாலும் கோடு. அதைத் திரியாத மூலவினையான ‘ம்யூசென்’ ஆக்கினேன். ‘வைல்’ (ஏனென்றால்) வந்தால் திரிந்த வினை (எழுவாய்க்கேற்ப மாறுவது, இங்கே ஹாபெ) கடைசியில் என்பதுதானே பாலபாடம்? ‘ஆர்பைட்டென் ம்யூசென் ஹாபெ’ என்று முடித்தேன். மறுபடியும் கோடு. சொற்களை இடம் மாற்றிப் பார்த்ததிலேயே நாட்கள் போயின.

கடைசியில் பலித்தது இதுதான்: இரண்டு மூலவினைகளும் இறுதியில் ஒட்டி நிற்க, ஹாபெ அவற்றுக்கு முன்னால் வரவேண்டும். ‘வைல் இஷ் கெஸ்டெர்ன் ஹாபெ ஆர்பைட்டென் ம்யூசென்.’ கோடு மறைந்தது. அப்பாடா!

எளிதில் கண்ணுக்குத் தப்புவது ஒன்று உண்டு. கூட இன்னொரு வினை இல்லையென்றால் கெமுஸ்ட் உயிர்பெறுகிறது: ‘இஷ் ஹாபெ நாஹ் ஹௌஸெ கெமுஸ்ட்’ (நான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது) சரியே. பிறரைக் கொண்டு செய்விப்பதைச் சொல்லும் லாசென் வந்தாலும் (வைல் வாக்கியத்தின்) அதே வரிசைதான்: ‘தஸ் இஷ் தாஸ் ஔட்டோ ஹாபெ ரெபரீரென் லாசென்’ (நான் காரைப் பழுதுபார்க்கச் செய்தேன் என்று). இந்தச் சுற்றே வேண்டாம் என்பவர்களுக்கு ம்யூசெனின் எளிய இறந்தகாலமான முஸ்டெயை வைத்து ‘வைல் இஷ் ஆர்பைட்டென் முஸ்டெ’ என்றால் போதும். ஜெர்மானியர்களே பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.