கோடைகால அரபு வகுப்பில் சேர்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தீவிரக் கோடை வகுப்பு என்பது பெரும்பாலும் 8 வாரம். தினமும் நாலு மணி நேரம் பாடம், கிட்டத்தட்ட அதே அளவு வீட்டுப்பாடம். கல்லூரியில் ஒரு வருடம் நடத்துவதை இரண்டே மாதத்தில் முடித்துவிடுவார்கள். ஒரு நாள் போகாமல் விட்டால் வழக்கமான வகுப்பில் ஏறக்குறைய ஒரு வாரம் விட்ட மாதிரி. அதனால் சின்னத் தவறுகூட இங்கே சீக்கிரம் பெரிதாகிவிடும்.

என் கண்ணில் முதல் பெரிய தவறு, அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பது. நானும் முதல் வாரம் அதைத்தான் செய்தேன். என் நோட்டில் 'கல்ப்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். ஓரிடத்தில் பொருள் 'இதயம்', இன்னோரிடத்தில் 'நாய்'. இதயத்துக்கு வரும் ககரம் அடிநாக்கு உள்நாக்கைத் தொட்டுப் பிறப்பது. நாய்க்கு வருவது நம் சாதாரணக் ககரம். 'ஸைஃப்' என்பதும் அப்படித்தான். ஒரு ஸகரத்தில் அது கோடை, இன்னொன்றில் வாள். நம் எழுத்து இந்த வித்தியாசத்தைக் காட்டாது. எழுத்தில் இல்லாததைக் காதும் கவனிக்காமல் விட்டுவிடும். ஆகவே வகுப்பு தொடங்கும் முன்பே 28 எழுத்துகளையும் பழகிக்கொண்டு போங்கள். சொல்லின் தொடக்கம், நடு, கடைசி என்று இடத்துக்கு இடம் வடிவம் மாறும். ஆறு எழுத்துகள் மட்டும் அடுத்த எழுத்தோடு சேராது. தினம் அரை மணி நேரம் கையால் எழுதினால் இரண்டு வாரம் போதும்.

இன்னொரு பக்கம், தமிழ் தெரிந்தவருக்கு ஒரு நல்ல சாதகம் இருக்கிறது. 'தரஸ' என்றால் படித்தான். நடுவில் ஒற்று சேர்ந்து 'தர்ரஸ' ஆனால் கற்பித்தான். 'கதப' எழுதினான்; 'காதப' கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டான். படு, பாடு, பட்டு என்று பேசி வளர்ந்த காதுக்கு இது புதிதே இல்லை. அந்தக் காதை நம்பலாம்.

நிலை அறியும் தேர்வில் மேல் வகுப்புக்கு ஆசைப்பட வேண்டாம். சிறு வயதில் குர்ஆன் ஓதக் கற்றவர்கள் எழுத்துக்கூட்டி வேகமாகப் படித்துவிடுவார்கள். ஆனால் அங்கே குறில் ஓசைகளுக்குக் குறி இருக்கும், செய்தித்தாளில் இருக்காது. பொருள் தெரிந்தால்தான் சரியாக வாசிக்கவே முடியும். படிக்க வருவது வேறு, புரிவது வேறு என்பதைத் தேர்வு நடத்துபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அகராதி. மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் அகராதி ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்பவர் தொகுத்தது. அது வேர்ச்சொல் வரிசையில் அமைந்தது. 'மக்தபா', அதாவது நூலகம், மகரத்தில் கிடைக்காது. க-த-ப என்ற வேரின் கீழ் போனால் கிதாப் (புத்தகம்), காதிப் (எழுத்தாளர்), மக்தப் (அலுவலகம்) எல்லாம் ஒரே குடும்பமாக உட்கார்ந்திருக்கும். கைபேசியில் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்தால் வேலை உடனே முடிந்துவிடும், ஆனால் இந்த உறவு கண்ணில் படாது. முதல் மாதத்திலேயே வேரைப் பிரித்துத் தேடப் பழகினால், தெரியாத சொல்லையும் ஊகிக்கும் தைரியம் வரும்.

பேசாமல் இருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம். அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி மொழிப் பள்ளிகளில், கற்கும் மொழியைத் தவிர வேறெதுவும் பேசமாட்டேன் என்று மாணவர்கள் கையெழுத்தே போடுகிறார்கள். உங்கள் இடத்தில் அந்த விதி இல்லையென்றாலும் உணவு மேசையில் நீங்களே அதை வைத்துக்கொள்ளலாம். நாலைந்தாம் நாள் நாக்கு ஒத்துழைக்காது, மூன்று வயதுக் குழந்தை போலப் பேசுகிறோமே என்று மனம் சோரும். அப்போது ஆங்கிலத்துக்குத் தாவாமல், "கைஃப நகூலு ஹாதா பில்-அரபிய்யா?" என்று கேளுங்கள். 'இதை அரபியில் எப்படிச் சொல்வது?' என்று அர்த்தம். இந்த ஒரு வாக்கியம் பல நாள் காப்பாற்றும்.

வகுப்பில் சொல்லித்தருவது பெரும்பாலும் ஃபுஸ்ஹா, அதாவது எழுத்து வழக்கு. தெருவில் கேட்பது வேறு. 'இப்போது' என்பது நூலில் 'அல்-ஆன்', சிரியா, லெபனான் பக்கம் 'ஹல்ல', மொராக்கோவில் 'தாபா'. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்பது நமக்குப் பழகியதுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு நாட்டுப் பேச்சு வழக்கை ஒரே கோடையில் தொடாதீர்கள். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைக் குறைத்துச் சொல்பட்டியல் மனப்பாடம் செய்வதும் வேண்டாம். மறுநாள் காலை வகுப்பில் எதுவும் ஏறாது.

கடைசியாக ஒரு கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு அரபியில் வேலை பார்க்கும் அளவு தேர்ச்சி வர ஒதுக்கும் நேரம் சுமார் 2,200 வகுப்பு மணி. வாரம் 20 மணி வீதம் 8 வாரம் என்றால் 160 மணிதான். வகுப்பு முடிந்ததும் புத்தகத்தை மூடிவைத்தால் வினைச்சொல் வாய்பாடுகள்தான் முதலில் மறக்கும். எனவே எட்டாவது வாரத்திலேயே ஒரு வகுப்புத் தோழரிடம் பேசி, வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், அரபியில் மட்டும் பேச நாளும் நேரமும் குறித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புங்கள்.