கப்பல் வரைபடத்தில் காணாமல் போனால் பதற வேண்டாம்

பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறான் என்றால், வீட்டில் யாராவது ஒருவர், கப்பல்கள் எங்கே போகின்றன என்று வரைபடத்தில் காட்டும் மரைன்டிராஃபிக்கைத் திறந்து பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். விமானப் பயணம் என்றால் அதேபோல் விமானங்களைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24. இரண்டும் அருமையான வசதிகள். ஆனால் தெரியாமல் பார்த்தால் வீண் பயத்தையும் வதந்தியையும் கிளப்பிவிடும்.

முதல் தவறு, கப்பலின் குறி நின்றுவிட்டால் விபத்து என்று நினைப்பது. கப்பலில் உள்ள ஏஐஎஸ் கருவி தன் இடத்தையும் வேகத்தையும் விஎச்எஃப் அலைவரிசையில் சொல்லிக்கொண்டே போகும். கரையில் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டு வரைபடத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த ஆன்டெனாவுக்கு எட்டும் தூரம் பெரும்பாலும் சில பத்து கடல் மைல்தான். கொழும்பிலிருந்து சூயஸ் போகும் கப்பல் அரபிக் கடலின் நடுவே போனதும் இலவசக் கணக்கில் கடைசியாகக் கேட்ட இடத்திலேயே நிற்கும். ஏடன் பக்கம் போனதும் மறுபடி நகரும். நடுக்கடலில் கேட்பது செயற்கைக்கோள். அந்தத் தகவலுக்குப் பெரும்பாலும் காசு கேட்பார்கள். அதனால் குறியைத் தொட்டதும் முதலில் பார்க்க வேண்டியது 'கடைசியாகக் கிடைத்த நேரம்'. அது யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆபத்தான பகுதியில் பாதுகாப்புக்காக ஏஐஎஸ்-ஐ அணைத்துவைக்கக் கேப்டனுக்கு அனுமதி உண்டு. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல்கள் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் அப்படித்தான் கடந்தன.

போகுமிடம் என்ற கட்டத்தை அப்படியே நம்புவது அடுத்த தவறு. இடமும் வேகமும் கருவி தானாகச் சொல்வது. போகுமிடமும் சேரும் நேரமும் மாலுமி கையால் தட்டச்சு செய்வது. மாற்ற மறந்தால் முந்தைய துறைமுகத்தின் பெயரே நிற்கும். செங்கடலில் சில கப்பல்கள் அந்தக் கட்டத்தில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக 'ஆயுதக் காவலர்கள் உள்ளனர்' என்று எழுதிக்கொண்டு போயின. கப்பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கருவி தானாகச் சொல்லும் இடமும் சில சமயம் பொய்யாகும். 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த சுமார் 20 கப்பல்கள், கரைக்கு உள்ளே இருக்கும் ரஷ்யாவின் கெலெண்ட்சிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. ஜிபிஎஸ் சிக்னலில் யாரோ கைவைத்திருந்தார்கள். கப்பல் தரையில் நிற்பதாகத் தெரிந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பரப்பும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை அடைத்து நின்ற கப்பலின் உடம்பில் பெரிய எழுத்தில் 'எவர்கிரீன்' என்றிருக்கும். அது கம்பெனியின் பெயர். கப்பலின் பெயர் 'எவர் கிவன்'. ஒரே பெயரில் பல கப்பல்கள் இருக்கும், விற்றால் பெயரே மாறும். மாறாதது கப்பலுக்கே உரிய ஏழு இலக்க அடையாள எண்ணான ஐஎம்ஓ எண். எவர் கிவனுக்கு அது 9811000. உங்கள் பிள்ளை ஏறிய கப்பலின் ஐஎம்ஓ எண்ணை முதல் நாளே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பாக் நீரிணையை வரைபடத்தில் பார்த்துவிட்டு 'கடலில் யாருமே இல்லை' என்று சொல்வதும் தவறு. சர்வதேச விதிப்படி ஏஐஎஸ் கட்டாயம் என்பது பயணிகள் கப்பல்களுக்கும், வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கும், உள்நாட்டுக்குள் ஓடும் 500 டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கும்தான். நம் நாட்டுப்படகுகள் பெரும்பாலும் அதில் தெரியாது. ராணுவக் கப்பல்களும் அப்படியே.

விமானத்துக்கு வருவோம். விமானத்தின் சிக்னலைக் கேட்கும் ரிசீவர் இல்லாத பெருங்கடலுக்கு மேல் குறி சீராக நகர்ந்தால், அது போகவேண்டிய பாதையை வைத்துப் போட்ட கணக்காக இருக்கலாம். விவரப் பட்டையில் 'எஸ்டிமேட்டட்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், விமானம் அந்த நிமிடத்தில் அங்கேதான் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அப்புறம் 7700. இந்த ஸ்குவாக் எண் (விமானம் தரைக் கட்டுப்பாட்டுக்கு அனுப்பும் நான்கு இலக்கக் குறி) வந்ததும் வாட்ஸ்அப்பில் விபத்துச் செய்தி பறக்கிறது. அது பொதுவான அவசர நிலைக்கான எண். பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தாலும் விமானி அதைப் போடலாம். அந்த விமானத்தில் நம் ஆள் இருந்தால், வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்காமல் விமான நிறுவனத்துக்கு நேராகப் போன் செய்யுங்கள்.